எண்பதிலும் மேடை: மூத்த இசைக்கலைஞர்களின் குரலும் கையும் எப்படித் தாங்குகின்றன?

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் அப்பல்லோ அரங்கில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தபோது, அதை எழுதிய இளையராஜாவுக்கு வயது 81. இசையை எழுதுபவருக்கு வயது பெரிய தடையல்ல என்று சிலர் சொல்லக்கூடும். மூளை தெளிவாக இருந்தால் தாளும் பேனாவும் போதும். மேடையில் அமர்ந்து இரண்டு மணி நேரம் பாடுவதோ, மிருதங்கம் வாசிப்பதோ அப்படியல்ல. அங்கே உடம்புதான் வாத்தியம். அந்த வாத்தியத்துக்கும் வயதாகிறது.

நம் நாட்டில் பழம்பெரும் பாடகர் ஒருவர் வருகிறார் என்று சுவரொட்டி ஒட்டியதுமே எழும் முதல் கேள்வி, “அந்தக் குரல் இன்னும் இருக்குமா?” என்பதுதான். நூறு வெள்ளி கொடுத்து டிக்கெட் எடுப்பவர் கேட்பதில் தவறில்லை. ஆனால் அவர் மனத்தில் இருக்கும் குரல் 1965இல் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. அது வானொலியிலும் ஒலிநாடாவிலும் கொஞ்சமும் வயதாகாமல் இருந்துவிட்டது. பாடியவருக்கு மட்டும் வயது கூடிவிட்டது. நேரடி மேடையில் நிற்கும் மூத்த கலைஞர் ஒவ்வொருவரும் தம் இளவயதுக் குரலோடுதான் முதலில் போட்டியிட வேண்டியிருக்கிறது.

குரலுக்கு வயதாகும்போது

தொண்டைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அதிரும்போது ஒலி பிறக்கிறது. அறுபதைத் தாண்டத் தாண்ட இந்த நாண்களின் தசை மெலிகிறது. அவை நடுவில் லேசாக வளைந்துவிடுவதால், மூடும்போது சிறு இடைவெளி விழுகிறது. அதன் வழியே காற்று கசிகிறது. முதியவர்கள் பேசும்போது கேட்கும் ‘காற்றுக் குரல்’ இதனால்தான். குரல்வளையின் குருத்தெலும்பும் இறுகிப்போகிறது. தொண்டையின் ஈரப்பசை குறைகிறது. விலா எலும்புகள் முன்போல விரிவதில்லை என்பதால் ஒரே மூச்சில் பாட முடிந்த நீண்ட சங்கதிக்கு இப்போது இரண்டு மூச்சு வேண்டியிருக்கிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் பொதுவாகத் தாழ்கிறது. ஆண்களின் பேச்சுக் குரலோ முதுமையில் மெலிந்து சற்றே உயரக்கூடும். இருவருக்கும் பொதுவாகக் கைவிட்டுப் போவது மேல் ஸ்தாயி. அதை எட்ட முடிந்தாலும் நிற்க முடியாது.

இவை எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. நாள் தவறாமல் சாதகம் செய்பவர்களின் தசை மற்றவர்களைவிடத் தாமதமாகவே மெலிகிறது. ஓட்டப்பந்தய வீரரின் காலைப் போலத்தான் பாடகரின் தொண்டையும். பழக்கத்தை ஆறு மாதம் விட்டால், இருபது வயதில் மீட்டுவிடலாம். எழுபத்தைந்தில் மீட்பது கடினம். மேடையில் நீண்ட காலம் நிலைத்தவர்களைப் பார்த்தால் இடைவெளி விடாதவர்கள்தான் அதிகம்.

அரைக் கட்டை இறக்கினால்

மூத்த பாடகர்கள் கையாளும் முதல் வழி சுருதியைக் குறைப்பது. நம் இசையில் சுருதியைக் ‘கட்டை’ என்று சொல்வது ஆர்மோனியப் பெட்டியின் கட்டைகளை வைத்து வந்த வழக்கம். முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்தது இரண்டு, நடுவில் உள்ள கறுப்புக் கட்டை ஒன்றரை. (மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லாததால் ‘மூன்றரைக் கட்டை’ என்று ஒன்று கிடையாது. தெரியாமல் சொல்பவரை வாத்தியக்காரர்கள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள்.) ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள்ளும், பெண்கள் நாலரை முதல் ஆறு கட்டைக்குள்ளும் பாடுவார்கள்.

வயது ஏறும்போது அரைக் கட்டை, பிறகு ஒரு கட்டை என்று இறக்கிக்கொள்வார்கள். கர்நாடகக் கச்சேரியில் இது எளிது. அங்கே சுருதி பாடுபவரின் வசதிப்படிதான். திரைப்பாடலில் அப்படியில்லை. பாடல் எந்தச் சுருதியில் பதிவானதோ அது கேட்பவர் காதில் பதிந்து கிடக்கிறது. முன்பெல்லாம் சுருதி மாறினால் வாத்தியக்காரர்கள் முழுப் பாடலையும் வேறு கட்டையில் பழக வேண்டியிருந்தது. இப்போது கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை. பாடல் கெடாமல் இருக்க வேண்டுமானால் சுருதி இறங்கத்தான் வேண்டும். பழைய சுருதியையே பிடிவாதமாக வைத்துக்கொண்டு, பல்லவியின் உச்சியில் கூட்டத்தை நோக்கி மைக்கை நீட்டிவிடுவதைவிட இது நேர்மையானது.

நம் ஊரில் ஓய்வுபெற்ற பலர் வார இறுதியில் கராவோக்கேயில் டி.எம்.எஸ். பாடல்களைப் பாடித் தொண்டை கட்டிக்கொள்வதற்கும் இதுவே காரணம். பெரும்பாலான கருவிகளில் சுருதியைக் கூட்டவும் குறைக்கவும் வசதி இருக்கிறது. அதைத் தொடுபவர்கள்தான் குறைவு.

செம்மங்குடியின் பாதை

முதுமையில் பாடுவது என்றதும் கர்நாடக இசை ரசிகர்கள் முதலில் சொல்லும் பெயர் செம்மங்குடி சீனிவாச ஐயர். 1908இல் பிறந்து 2003இல் மறைந்தவர். 39ஆம் வயதிலேயே, 1947இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். தொண்ணூறை ஒட்டிய வயதிலும் அவர் கச்சேரி செய்ததைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், அவருக்கு இயற்கையிலேயே இனிய குரல் கிடையாது. இளமையிலேயே கரகரப்பான, எளிதில் வழங்காத சாரீரம். குரலும் கரகர, அவர் பெயர் வாங்கிய ராகங்களில் ஒன்றும் கரகரப்பிரியா! அந்தக் குரலை அவர் ஆண்டுக்கணக்கான அகார சாதகத்தால் வழிக்குக் கொண்டுவந்தார். தேனான குரலை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு வயதானபோது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. செம்மங்குடியோ ராகத்தின் வடிவத்தையும், சொல்லை நிறுத்தும் இடத்தையும், தாளத்தின் பிடியையும் நம்பியே மேடை ஏறியவர். அவரிடமிருந்து முதுமை எடுத்துக்கொள்ள இனிமை என்று பெரிதாக எதுவும் இல்லை. அறிவு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போயிற்று.

இன்னொன்று, பின்பாட்டு. மூத்த வித்வானுக்குப் பின்னால் சீடர் ஒருவர் அமர்ந்து உடன் பாடுவது பழைய வழக்கம். குரு மூச்சு வாங்கும் இடத்தில் சீடர் தொடர்வார். மேல் ஸ்தாயியில் குருவின் குரல் தயங்கினால் சீடரின் குரல் அதைத் தாங்கிக்கொள்ளும். கேட்பவருக்குப் பாட்டு அறுபடாது. இதைப் பலவீனத்தை மறைக்கும் ஏற்பாடாகப் பார்ப்பது பாதிப் பார்வைதான். சீடருக்கு அதுவே பள்ளிக்கூடம். மேடையில் பெரியவர் எதைப் பாடுகிறார் என்பதோடு, எதைப் பாடாமல் விடுகிறார் என்பதையும் அவர் அருகிலிருந்து கற்றுக்கொள்கிறார்.

1919இல் பிறந்த டி.கே. பட்டம்மாளுக்கு உதவியது வேறொன்று. அவர் பெயர் பெற்றது முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளிலும் பல்லவியிலும். நிதானமான காலப்பிரமாணம், கனமான குரல். வேகத்தையும் மேல் ஸ்தாயி மின்னலையும் நம்பாத பாணிக்கு முதுமை அவ்வளவு பகையில்லை.

பாறசாலை பொன்னம்மாளின் கதை கேரளத்தில் நடந்தது. 1924இல் பிறந்த அவர், திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். அந்நகரின் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுவதற்கு அனுமதி இல்லாத காலம் நீண்டது. 2006இல் அந்தத் தடையைத் தாண்டி அங்கே முதலில் பாடிய பெண் பொன்னம்மாள்தான். அப்போது அவருக்கு வயது 81. இளமையில் மறுக்கப்பட்ட மேடை எண்பதில் கிடைத்தபோது, பாடுவதற்குக் குரலைக் காப்பாற்றி வைத்திருந்தார். 2021இல் 96 வயதில் மறைந்தார்.

திரைப்பாடகர்கள்

1922இல் மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜன் எண்பது வயதிலும் மேடை ஏறினார். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டுக்காக ஏ.ஆர். ரஹ்மான் அமைத்த பாடலில் இளம் பாடகர்களோடு அவர் குரலும் ஒலித்தது. 1935இல் பிறந்த பி. சுசீலா 17,695 பாடல்கள் பாடியதற்காக 2016இல் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றார்.

தோட்டத்துக் கோயில் திருவிழாக்களை நினைத்தால் எல்.ஆர். ஈஸ்வரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. தீமிதிக்கும் கரகத்துக்கும் கூம்பு ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டால்தான் திருவிழா தொடங்கியதாகப் பொருள். 1939இல் பிறந்த அவர், எழுபதைக் கடந்த பிறகு 2011இல் ‘ஒஸ்தி’ படத்தில் பாடிய குத்துப்பாட்டு இளைஞர்களையும் ஆட வைத்தது. அவர் பாணியே அழுத்தமும் துடிப்பும்தான். கரகரப்பு சற்றுக் கூடினாலும் அம்மன் பாட்டுக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

எப்போது நிறுத்துவது என்பதும் ஒரு கலைதான். எஸ். ஜானகி 2017இல் மைசூரில் தம் கடைசி மேடை நிகழ்ச்சி என்று அறிவித்துப் பாடி விடைபெற்றார். அப்போது வயது 79. எம்.எஸ். சுப்புலட்சுமி 1997இல் கணவர் சதாசிவம் மறைந்த பிறகு மேடைக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார். குரல் போனதால் நிறுத்தியவர் அல்லர் அவர்.

விரலும் மூச்சும்

வாத்தியக் கலைஞர்களுக்குச் சிக்கல் வேறு வகை. விரல் மூட்டு வலி, தோள்பட்டை இறுக்கம், இரண்டு மணி நேரம் சம்மணமிட்டு அமர முடியாத முழங்கால், மெல்லிய ஒலிகளைத் தவறவிடும் காது. ஆனாலும் பாடகர்களைவிட இவர்கள் நீண்ட காலம் தாக்குப்பிடிப்பதைப் பார்க்கிறோம். உமையாள்புரம் சிவராமன் 1935இல் பிறந்தவர். பத்து வயதில் மிருதங்க அரங்கேற்றம் கண்டவர் எண்பதைக் கடந்த பிறகும் வாசித்தார். விரலின் வேகம் குறைந்தால் சொற்களைக் குறைத்து இடைவெளியை அழகாக்கலாம். மிருதங்கத்தில் அடிக்காத இடமும் கணக்குதான்.

வயலின் வித்வான் டி.என். கிருஷ்ணன் (1928–2020), செம்மங்குடிக்குப் பல ஆண்டுகள் பக்கவாத்தியம் வாசித்தவர். அவரும் எண்பதுகளில் கச்சேரி செய்தார். நீண்ட வில், பதறாத நடை என்ற அவரது பாணி முதுமைக்கும் பொருந்தி வந்தது. ‘சக்தி’ குழுவின் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் விரல் மூட்டு வலியால் அவதிப்பட்டு, 2017இல் அமெரிக்காவில் பிரியாவிடைப் பயணம்கூட அறிவித்தார். பிறகு 2023இல், 81 வயதில், அதே குழுவோடு உலகம் சுற்றி வாசித்தார்.

நாதஸ்வரத்துக்கு விரலைவிட மூச்சும் உதடும் பல்லும் முக்கியம். முன்பற்கள் போனால் சீவாளியைப் பிடிக்கும் உதட்டின் பிடி தளர்ந்துவிடும். வாசிப்பவர்களுக்குப் பல் வைத்தியர் அவ்வளவு வேண்டியவர். இரட்டை நாதஸ்வரமாக வாசிக்கும் வழக்கம் இங்கே பெரிய துணை. பெரியவர் ராகத்தைத் தொடங்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கும்போது இளையவர் தொடர்வார். சாமி புறப்பாட்டில் மூன்று மணி நேரம் நடந்துகொண்டே வாசிக்க வேண்டியிருக்கும்போது, இந்த ஏற்பாடு இல்லாமல் எழுபது வயதுக்காரர் தாங்க மாட்டார்.

நம் மேடைகளில் செய்யக்கூடியவை

நம் நிகழ்ச்சிகளில் மூத்த கலைஞரின் குரலைக் கெடுப்பது பல நேரங்களில் வயதல்ல, நிகழ்ச்சி நிரல். எட்டு மணிக்கு என்று அழைத்துவிட்டு, வரவேற்புரை, பிரமுகர்களின் உரை, மாலை மரியாதை, நினைவுப்பரிசு எல்லாம் முடிந்து பதினொன்றரைக்குப் பாடச் சொன்னால் முப்பது வயதுக்காரரின் தொண்டையே கட்டிக்கொள்ளும். கலைஞர் முதலில் பாடட்டும். உரைகள் பிறகு வரட்டும். பிரமுகர்கள் காத்திருந்தால் குரலுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

பாடுபவருக்குத் தம் குரல் தமக்கே கேட்கும்படி மேடையில் ஒரு தனி ஒலிபெருக்கி வைக்க வேண்டும். கேட்காவிட்டால் கத்தத்தான் தோன்றும், கத்தினால் மூன்றாவது பாட்டிலேயே குரல் போய்விடும். குளிர்சாதனக் காற்று நேராக முகத்தில் அடிக்காத இடம், வெதுவெதுப்பான தண்ணீர், முதுகு சாய நாற்காலி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு இடைவேளை ஆகியவற்றுக்குச் செலவு அதிகமில்லை. பாடலைப் பதிவில் ஓடவிட்டு வாயசைக்கச் சொல்லும் ஏற்பாட்டாளர்களும் உண்டு. அது கலைஞருக்கும் அவமதிப்பு, டிக்கெட் வாங்கியவருக்கும் ஏமாற்று.

கோயில் பஜனைக் குழுக்களில் பாடும் மூத்தவர்களுக்கும் இவை பொருந்தும். தினமும் பதினைந்து நிமிடம், தாழ்ந்த சுருதியில், சத்தம் கூட்டாமல் பாடிப் பழகலாம். இரவு வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே படுத்தால் புளித்த நீர் மேலெழுந்து தொண்டையை எரிக்கும். புகையும் வெற்றிலைப் புகையிலையும் வேண்டாம். அடிக்கடி தொண்டையைச் செருமும் பழக்கமும் குரல் நாண்களைப் புண்ணாக்கும். சளி இல்லாமலே மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் அதை வயதின் மேல் போட்டுவிடாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுவாக இருக்கக்கூடும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குரலோடு சேர்த்தே குணப்படுத்தவும் பெரும்பாலும் முடிகிறது.