போர்க்களத்துக் குதிரை வைத்தியம்

போரிலே காலில் பெருங்காயம் பட்ட குதிரைக்கு ஒரு காலத்தில் பெரும்பாலும் துப்பாக்கிக் குண்டே முடிவாக இருந்தது. இதற்குக் காரணம் இரக்கமின்மை மட்டுமன்று. குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. தோலும் தசைநாணும் எலும்புமே உள. ஆதலின் புண் மெல்லவே ஆறும். சதை மிகையாக வளர்ந்து, தோல் மூடவொட்டாமல் தடுப்பதும் உண்டு. காயம்பட்ட காலைத் தூக்கிக்கொண்டு மற்றக் காலிலே பாரத்தைத் தாங்கினால், அந்தக் குளம்பும் அழற்சியுற்றுக் கெடும்.

1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் படை 3 லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளை இழந்தது. குண்டுகளைவிடப் பட்டினியும் களைப்பும் நோயுமே மிகுதியாகக் கொன்றன. அப்பாடத்தின் பயனாக, ராணுவக் கால்நடை வைத்தியப் படை சீர்பெற்றது.

1914-இல் மூண்ட முதல் உலகப் போரின்போது, பிரான்சில் குதிரைகளுக்கெனப் பெரிய ஆஸ்பத்திரிகள் எழுந்தன. அங்கே குண்டுச் சிதறல்களையும் அழுகிய சதையையும் நீக்கிப் புண்ணைக் கழுவிக் கட்டினர். ஆயினும் பகைவர் எறியாத ஆயுதம் ஒன்றும் இருந்தது. அடுப்பெரித்த பெட்டிப் பலகைகளின் ஆணிகள் சாம்பலோடு சாலையில் சிதறின. குளம்பில் ஏறிய ஆணி வழியே சீழும் ரண ஜன்னியும் புகுந்தன. ஆகவே, ஆணி பொறுக்குவதும் வைத்தியத்தின் ஒரு பகுதியாயிற்று!

அப்போரில் சுமார் 25 லட்சம் முறை குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டன. ஏறத்தாழ 80 சதவீதம் குணமடைந்து மீண்டும் பணிக்குச் சென்றன. மீண்டு சென்ற இடமோ அதே போர்க்களம்! புண்ணை ஆற்றக் கற்ற மனிதன், புண்படுத்தாதிருக்க இன்னும் கற்கவில்லை.