அணை கட்டியவர்கள் வீட்டில் ஏன் விளக்கு எரியவில்லை?



ஏழை நாடுகளுக்கு வெளிநாட்டு உதவியில் மின்சாரம் கொண்டுவருவது பற்றி நம் குழுவில் பேச்சு ஓடியது. "பணக்கார நாடு பணம் கொடுக்குது, அணை கட்டுறாங்க, கரண்ட் வருது. இதுல என்ன சார் பிரச்சினை?" என்று ஒரு பழைய மாணவன் கேட்டிருந்தான். நல்ல கேள்வி. குழுவில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

உலகப்படத்தில் மேற்கு ஆப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கானா என்ற நாட்டின் நடுவே பெரிய நீலத் திட்டு ஒன்று தெரியும். அதுதான் வோல்ட்டா ஏரி. இயற்கையாக உண்டானதில்லை. அகோசோம்போ என்ற இடத்தில் வோல்ட்டா ஆற்றை மறித்துக் கட்டிய அணையின் பின்னால் தேங்கிய தண்ணீர். பரப்பு சுமார் 8,500 சதுர கிலோமீட்டர். மனிதர்கள் உண்டாக்கிய ஏரிகளில் பரப்பளவில் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

இந்த இடத்தில் அணை கட்டலாம் என்று 1915-லேயே குறித்து வைத்தவர் ஆல்பர்ட் கிட்சன் என்ற ஆங்கிலேய நிலவியல் அறிஞர். அந்த நாட்டில் பாக்சைட் தாது இருப்பதையும் அவர் கண்டிருந்தார். பாக்சைட்டை அலுமினியமாக்க மின்சாரம் ஏராளமாகத் தேவை. ஆக, இந்த அணையின் நினைப்பே ஆரம்பத்திலிருந்து அலுமினியத்தோடு சேர்ந்து வந்ததுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1957 மார்ச் 6-ல் கானா விடுதலை பெற்றது. தலைவர் குவாமே நிக்ருமா பெரிய கனவுகள் கண்டவர். சொந்த பாக்சைட்டைத் தோண்டி, சொந்த மின்சாரத்தில் அலுமினியம் செய்து, நாட்டைத் தொழில் நாடாக்க வேண்டும் என்று நினைத்தார். பணத்துக்கு எங்கே போவது? அப்போது அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைத்துக்கொண்டிருந்த காலம். 1956-ல் எகிப்தின் அஸ்வான் அணைக்கு உதவுவதாகச் சொல்லியிருந்த அமெரிக்கா பின்வாங்கியது. அந்த இடத்தில் சோவியத் யூனியன் போய் உட்கார்ந்துகொண்டது. கானாவிலும் அப்படி ஆகிவிடக்கூடாதே என்ற கவலை வாஷிங்டனில் இருந்தது. நிக்ருமாவின் போக்கு பிடிக்காவிட்டாலும், 1961 டிசம்பரில் அதிபர் கென்னடி சம்மதம் கொடுத்தார். கானா கிராமத்தில் இருட்டாக இருக்கிறதே என்ற இரக்கம் அந்தக் கணக்கில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உலக வங்கி 4 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்தது. அமெரிக்க, பிரிட்டிஷ் அமைப்புகளும் கொடுத்தன. எல்லாம் வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டிய கடன். அணைச் செலவில் ஏறக்குறைய பாதியைக் கானாவே தன் கையிலிருந்து போட்டது.

கடன் கொடுத்தவர்கள் ஒன்று கேட்டார்கள்: திரும்பக் கட்ட டாலர் எங்கிருந்து வரும்? கிராமத்து வீட்டில் ஒரு பல்பு எரிந்தால் டாலர் வராது. பெரிய ஆலை ஒன்று நீண்ட காலத்துக்கு வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டால்தான் வரும். வங்கிக்காரன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் அதில் தப்பே சொல்ல முடியாது. அந்த ஆலைதான் டெமா துறைமுக நகரில் வந்த 'வால்கோ'. 90 சதவீதம் அமெரிக்காவின் கைசர் நிறுவனத்துக்கு, 10 சதவீதம் ரெனால்ட்ஸ் நிறுவனத்துக்கு.

இப்போது மின்கட்டணத்தைப் பாருங்கள். யூனிட் ஒன்றுக்கு ஒரு டாலரின் ஆயிரத்தில் 2.625 பங்கு. அதாவது ஒரு அமெரிக்க சென்ட் கொடுத்தால் கிட்டத்தட்ட 4 யூனிட்! இந்த விலை 30 ஆண்டுகளுக்கு. கானாவின் சாதாரண வீட்டுக்காரர் இதைப்போலப் பல மடங்கு கட்டினார். அணையின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரே ஆலைக்குப் போனது. சரி, கானாவின் பாக்சைட்டையாவது வாங்கினார்களா என்றால், அதுவும் இல்லை. அலுமினா என்ற பாதி பதப்படுத்திய பொருளைக் கப்பலில் வெளியிலிருந்து கொண்டுவந்து, மலிவு மின்சாரத்தில் உருக்கி, அலுமினியத்தை வெளியே அனுப்பினார்கள். கானாவின் பாக்சைட் இன்னொரு கப்பலில் வெளியே போய்க்கொண்டிருந்தது. நிக்ருமாவின் கனவில் முக்கியமான கண்ணியே கழன்றுவிட்டது.

1966 ஜனவரி 22-ல் அணை திறப்பு விழா. அடுத்த மாதம் 24-ம் தேதி, நிக்ருமா வெளிநாட்டில் இருந்தபோது, ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவர் பிறகு நாடு திரும்பவே இல்லை.

ஏரிக்கு இடம் விட்டவர்கள் சுமார் 80,000 பேர். 700-க்கும் மேற்பட்ட கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. அவர்களுக்கு 52 புதிய ஊர்கள் அமைத்துக் கொடுத்தார்கள். வீடு என்றால் முழு வீடு கிடையாது. அஸ்திவாரம், மேலே அலுமினியக் கூரை, கட்டி முடித்த ஒரே அறை. மீதியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். விவசாயத்துக்குச் சொன்னபடி நிலம் திருத்தித் தரவில்லை. பலர் ஊரைவிட்டே போனார்கள். தேங்கிய தண்ணீரில் நத்தைகள் பெருகி, அவற்றின் வழியாகப் பரவும் பில்ஹார்சியா நோய் கரையோரக் குழந்தைகளைப் பிடித்தது. இந்த ஊர்களில் பலவற்றுக்குப் பல ஆண்டுகள் மின்சாரம் வரவில்லை. 1972-லேயே பக்கத்து நாடுகளான டோகோவுக்கும் பெனினுக்கும் அகோசோம்போ மின்சாரம் போனது. கானாவின் வடக்குப் பகுதிக்குப் பெரிய மின்பாதை போனது 1980-களின் பிற்பாதியில்தான்.

அணையால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். அக்ரா, குமாசி போன்ற நகரங்களும் தங்கச் சுரங்கங்களும் அந்த மின்சாரத்தில்தான் ஓடின. மின்சாரம் இருந்தது, அதை ஊருக்குள் கொண்டுபோகும் கம்பிக்குத்தான் யாரும் கடன் கொடுக்கவில்லை.

நம் நீலகிரியில் குந்தா மின்திட்டத்துக்கும் வெளிநாட்டு உதவி உண்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியது. ஆனால் அந்த மின்சாரம் நம் மின்வாரியத்தின் கையில் இருந்தது. அதனால் ஆலைக்கும் போனது, விவசாயியின் கிணற்று மோட்டாருக்கும் போனது. பெயர் இரண்டுக்கும் உதவிதான்.

கானாவுக்கு வருவோம். 1983-ஐ ஒட்டிக் கடும் வறட்சி. ஏரி வற்றி, மின்சாரம் சுருங்கி, ஆலையே மூடவேண்டி வந்தது. அந்த நெருக்கடியில்தான் ராலிங்ஸ் அரசு கைசர் நிறுவனத்தோடு பேரம் பேசி, 1985-ல் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தியது. அணை திறந்து 19 ஆண்டுகள் கழித்து!

பிறகு 1989-ல் தேசிய மின்மயத் திட்டம் வந்தது. 30 ஆண்டுகளில் நாடு முழுவதும் கம்பி போடவேண்டும் என்பது இலக்கு. இதற்கும் உலக வங்கியும் சில ஐரோப்பிய நாடுகளும் பணம் கொடுத்தன. பின்னால் சீனாவும் சேர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதற்குள் இருந்த சுயஉதவித் திட்டம். ஏற்கெனவே உள்ள மின்பாதையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் எந்த ஊரும் வரிசையில் காத்திருக்க வேண்டாம். ஊருக்குள் நடவேண்டிய மின்கம்பங்களை ஊரே வாங்கித் தரவேண்டும். மூன்றில் ஒரு பங்கு வீடுகளிலாவது வயரிங் செய்து தயாராக இருக்கவேண்டும். மீதியை அரசு பார்த்துக்கொள்ளும். நம் ஊரில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டு வசூலிப்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. திட்டம் தொடங்கியபோது மக்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட மின்சாரம் கிடையாது. இன்று 100 பேரில் 85 பேருக்கு மேல் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் இது பெரிய சாதனை.

ஆனால் ஏழை ஊருக்குக் கம்பம் வாங்கக்கூட வழி இருக்காதே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. வசதியுள்ள ஊர்கள் முந்திக்கொண்டன, இல்லாத ஊர்கள் பின்தங்கின. இன்னும் மின்சாரம் இல்லாதவர்களில் ஏரித் தீவுகளிலும் கரையோரங்களிலும் இருப்பவர்கள் நிறைய. அந்தத் தண்ணீரைத் தாண்டிக் கம்பி போடுவது செலவு பிடித்த வேலை. அங்கெல்லாம் இப்போது சூரிய மின்சாரம் வைத்துப் பார்க்கிறார்கள்.

வால்கோவில் கைசருக்கு இருந்த பங்கைக் கானா அரசு 2004-ல் வாங்கிக்கொண்டது. 2012-க்குப் பிறகு சில ஆண்டுகள் அங்கே கடும் மின்வெட்டு. அதற்கு மக்கள் வைத்த பெயர் 'டும்சோர்'. அவர்கள் மொழியில் 'அணை, ஏற்று' என்று அர்த்தமாம். அதே 2012-ல் நாமும் இங்கே விசிறியோடு உட்கார்ந்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

2023 செப்டம்பர், அக்டோபரில் ஏரி நிரம்பி, அணையைக் காப்பாற்றத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கீழே மேப்பே முதலிய ஊர்கள் மூழ்கி, ஆயிரக்கணக்கானோர் பள்ளிக்கூடங்களில் தங்கினார்கள்.

நம் மாணவர்கள் யாராவது அக்ரா, டெமா பக்கம் வேலை பார்க்கிறீர்கள் என்றால், அங்கே இப்போது வீட்டுக்கு யூனிட் என்ன விலை, ஆலைக்கு என்ன விலை என்று விசாரித்துக் கீழே எழுதுங்கள்.