வாழ்க்கைப் பருவங்களும் நாடகப் பார்ட்டுகளும்

மனித வாழ்வின் பருவங்களை மேடை வேடங்களோடு ஒப்பிடும் வழக்கம் பல மொழிகளில் உண்டு. தமிழில் அதன் பழைய சான்றுகளில் ஒன்று புறநானூற்றின் 29-ஆம் பாட்டு. சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், விழாவில் கூத்தர் முறைவைத்து வந்து ஆடி அகல்வதுபோல இவ்வுலகத்து மாந்தரும் வந்து போகிறார்கள் என்கிறார். திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் (குறள் 332) உவமை நடிகரை விட்டுப் பார்வையாளரிடம் தாவுகிறது. செல்வம் கூத்துப் பார்க்கத் திரளும் கூட்டம்போலச் சேர்ந்து, அக்கூட்டம்போலவே கலையும். ஷேக்ஸ்பியர் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் கைக்குழந்தை முதல் பல்லும் பார்வையும் போன கிழம் வரை ஒரே மனிதனுக்கு ஏழு வேடங்களை வரிசைப்படுத்தினார். தமிழ் உலா நூல்களிலும் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்கள் வருகின்றன. ஆனால் அவை ஒருத்தியின் ஏழு பருவங்கள் அல்ல. வீதியில் உலா பார்க்க நிற்கும் ஏழு வெவ்வேறு பருவத்துப் பெண்கள்.

ஏட்டில் உவமையாக இருக்கும் இந்த விஷயம் தென் மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகத்தில் பிழைப்பாகவே இருக்கிறது. மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரக் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும் நாடகம் இது. நிரந்தரக் குழு கிடையாது; ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரையும் அந்த ஓர் இரவுக்குத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். யார் எந்த ஊரிலிருந்து வந்தாலும் பார்ட் ஒன்றுதான். பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் மேடையிலேயே முதன்முறை சந்திப்பவர்கள் கணவன் மனைவியாக நடித்துவிடுவார்கள்.

இவ்வகை நாடகங்களில் அதிகம் மேடையேறுவது சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த வள்ளி திருமணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏலக்காய் ஏலம் நடக்கும் போடிநாயக்கனூர்ப் பக்கத்துக்கு இந்தக் கதை அந்நியமில்லை. மலைச்சரிவில் தினைப்புனம் காக்கும் பெண், பரண், கவண், ஆலோலம் பாடிப் பறவை விரட்டுதல் என எல்லாம் மலைக்காட்டு வேலை. போடியிலும் சுற்று ஊர்களிலும் உள்ள தொழிலாளர்கள் இன்றும் காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பருவ ஒப்புமைக்கு இந்நாடகத்தில் கவனிக்க வேண்டிய இடம் விருத்தன் (கிழவன்) வேடம். முருகன் முதலில் வேடனாக வந்து வள்ளியோடு தர்க்கம் செய்கிறான். வள்ளியின் தந்தை நம்பிராஜன் வரும்போது வேங்கை மரமாகிறான். பிறகு விருத்தனாக வருகிறான். அதுவரை ஜரிகை உடையில் நிமிர்ந்து நின்ற அதே ராஜபார்ட், வெள்ளைத் தாடி கட்டி, கோல் ஊன்றி, கூன் போட்டுத் தினைமாவும் தண்ணீரும் கேட்பார். தாகம் தீர்ந்த கிழவனுக்குக் கல்யாண ஆசை வரும், கூட்டம் சிரிக்கும். முதுமை இங்கே கடைசிப் பருவமல்ல, காரியம் முடிக்கப் போட்ட வேடம். முடிந்ததும் தாடி கழன்று இளமை திரும்பிவிடும். ஷேக்ஸ்பியரின் வரிசையில் இதற்கு இடமே இல்லை.

நடிகரின் வாழ்க்கையோ வேறு கணக்கு. பெரியவர்களிடம் ஒழுங்கு காணாத சுவாமிகள் சிறுவர்களைத் திரட்டி 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் ஆறு வயதில் சேர்ந்தவர் தி. க. சண்முகம் (1912–1973). அவருக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதினார் என்பது நாடக உலகில் நிலைத்த செய்தி. பாய்ஸ் கம்பெனிப் பையன் ஒருவனின் பருவத்தை நிர்ணயித்தது வயதல்ல, மகரக்கட்டு. குரல் உடைந்த நாளில் ஸ்திரீபார்ட்டும் பாலபார்ட்டும் கைவிட்டுப் போகும். சிலருக்குக் கம்பெனியே போய்விடும். பி. யு. சின்னப்பா (1916–1951) அப்படி விலகி, சங்கீதமும் உடற்பயிற்சியும் செய்து, ராஜபார்ட்டாகத் திரும்பி வந்தவர். திரும்பாதவர்களின் பெயர்கள் பதிவில் இல்லை.

வயதும் பாலும் வேடத்தைக் கட்டுப்படுத்தவில்லை என்பதற்குச் சான்றுகள் நிறைய. சண்முகம் முப்பது வயதையொட்டி ஔவைக் கிழவியாக நடித்து 'ஔவை' சண்முகம் ஆனார். கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) வள்ளியாக எஸ். ஜி. கிட்டப்பாவுடன் புகழ்பெற்று, 1935-இல் திரைப்படத்தில் நந்தனாராக ஆண்வேடம் கட்டி, 1953-இல் அதே ஔவையானார். நடிப்பிலிருந்து அரசியலுக்குப் போனவர்களும் உண்டு. நாடகக் கம்பெனிகளில் வளர்ந்த எஸ். எஸ். ராஜேந்திரன் 1962-இல் தேனித் தொகுதியில் வென்று சட்டமன்றம் சென்றார். போடிநாயக்கனூர்த் தொகுதி 1989-இல் திரை நடிகையாக இருந்த ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவர் அவர். அரசியல் அடுத்த பார்ட் என்று இவ்வட்டாரத்தில் கேலியாகச் சொன்னால் மறுப்பது கடினம்.

ஆனால் இவர்கள் புகழ் பெற்றவர்கள். பெரும்பாலான ஸ்பெஷல் நாடக நடிகருக்குக் குரல் தளர்ந்தபின் ஏறுவதற்கு வேடம் இல்லை. ராஜபார்ட்டை விட்டவர் நாரதராகவோ சிறு வேடங்களிலோ சில ஆண்டு ஓட்டலாம். மேடையில் விருத்தனாக நடிப்பதோ குரல் கெடாத ராஜபார்ட்தான். நிஜக் கிழவருக்கு அந்த வேடம் கிடைக்காது. ஒப்புமை பொய்க்கும் இடம் இதுதான். முதிர்ந்து நலிந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் மாத நிதியுதவி வழங்கி வருகிறது.