கஞ்சித்தொட்டியும் விடுதலைக் கலயமும்

சரித்திரம் என்றதும் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் நினைப்பதே நமக்குப் பழக்கமாகிவிட்டது. அடுப்பங்கரைக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆங்கிலச் சமையல் நூல்களில் இன்றும் இடம்பெறும் ‘மல்லிகாட்டானி’ என்னும் சூப்பின் பெயர், நமது ‘மிளகுதண்ணீர்’ என்ற சொல்லின் திரிபேயாகும். கும்பினி ஆட்சிக் காலத்தில் அது வெள்ளைத் துரைமாரின் மேசைக்குப் போயிற்று. சொல் கடல் கடந்தது. இறைச்சி சேர்ந்து பண்டமும் மாறியது. சமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் மட்டும் நமக்கு எட்டவில்லை.

ஆகவே, கலயத்தில் என்ன வெந்தது என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. யார் சமைத்தார், யார் உண்டார், அகப்பை எவர் கையில் இருந்தது என்பவற்றையும் கேட்டல் வேண்டும். இரண்டு நாடுகளின் கலயங்களை இங்கு நோக்குவோம்.

முதலாவது அயர்லாந்து. 1845ஆம் ஆண்டில் அந்நாட்டு உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கிற்று. ஏழைக் குடியானவர்களுக்கு அக்கிழங்கே வாழ்வு. அவர்கள் பட்டினி கிடந்த அந்த ஆண்டுகளிலும் தானியமும் கால்நடையும் கப்பலேறிக்கொண்டே இருந்தன. 1847இன் தொடக்கத்தில் பிரித்தானிய அரசு சட்டமியற்றிக் கஞ்சித்தொட்டிகளைத் திறந்தது. இலண்டன் கனவான்களின் கழகமொன்றில் புகழ்பெற்றிருந்த சமையற்காரர் அலெக்சிஸ் சொயர் டப்ளினுக்கு வந்து, ஏப்ரல் மாதத்தில் ஒரு மாதிரி மண்டபத்தை அமைத்தார். மணி அடித்ததும் நூறு பேர் உள்ளே வருவர். சில நிமிடங்களில் உண்டு எழுவர். மறுபடி மணி அடிக்கும். அடுத்த நூறு பேர் வருவர். கரண்டிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. பெரிய மனிதர்கள் வந்து இதனை வேடிக்கை பார்த்துச் சென்றனர்.

சொயர் வகுத்த பாகங்களுள் ஒன்று இது: இரண்டு கலன் தண்ணீருக்குக் கால் இறாத்தல் மாட்டிறைச்சி, சிறிது கொழுப்பு, அரை இறாத்தல் மா, அரை இறாத்தல் பார்லி, கொஞ்சம் வெங்காயம், உப்பு. இதனை நமது வீட்டில் காய்ச்சிப் பார்த்தால் உண்மை விளங்கும். ஏறக்குறைய ஒன்பது லீற்றர் நீரிலே ஒரு கைப்பிடி இறைச்சி! ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழே அக்காலத்தில் இதனைக் கண்டித்தது.

ஆயினும் ஒன்றை நாம் மறுத்தலாகாது. 1847 ஜூலையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய முப்பது இலட்சம் பேர் கஞ்சித்தொட்டிகளால் உணவு பெற்றனர். பல உயிர்கள் தப்பின. பசியைப் போக்க அரசினால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. முடிந்ததை அரசு தொடர்ந்து செய்ததா? அவ்வாண்டு இலையுதிர் காலத்திற்குள் தொட்டிகள் மூடப்பட்டன. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தவன் அதனைக் கைவிட்டாலன்றி உதவி இல்லை என்று சட்டம் கூறிற்று. பஞ்சம் ஓய்வதற்குள் சுமார் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். மதம் மாறினால் உணவு என்று சில சமயக் குழுவினர் பேரம் பேசியதனால், ‘சூப்புக் குடித்தவன்’ என்பது அந்நாட்டில் வசைச்சொல்லாயிற்று.

இரண்டாவது ஹெயிற்றி. அது சென்-டொமிங் என்ற பெயரில் பிரான்சின் குடியேற்ற நாடாயிருந்தபோது, ஏறக்குறைய ஐந்து இலட்சம் அடிமைகள் அங்கே கரும்பும் கோப்பியும் விளைவித்தனர். எசமானரின் பூசணிக்காய்ச் சூப்பைச் சமைத்தவர்களும் அவர்களே. அதனை உண்ணும் உரிமை மட்டும் அவர்களுக்கு இருக்கவில்லை என்பது அம்மக்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். நெப்போலியன் அனுப்பிய படையையும் 1803இல் முறியடித்தனர். 1804 ஜனவரி 1ஆந் திகதி விடுதலைப் பிரகடனம் வெளிவந்தது. அன்று தொட்டு ஆண்டுதோறும் அந்நாளில் ஹெயிற்றி மக்கள் வீடுகளில் ‘சூப் ஜூமு’ காய்ச்சி, அயலாருடன் பகிர்ந்து உண்கின்றனர்.

அதன் பக்குவம் கடினமன்று. தேசிக்காய்ச் சாற்றால் கழுவிய மாட்டிறைச்சியைப் பூண்டும் மூலிகைகளும் சேர்த்து ஊறவைத்து, மெதுவாக வேகவிடுவர். பூசணிக்காயைத் தனியே அவித்து மசித்து அதனுடன் கலப்பர். கரட், கோவா, உருளைக்கிழங்கு, மக்கரோனி ஆகியவற்றோடு காரமான மிளகாயும் சேரும். நமது அடுப்பிலும் இதனைச் சமைக்கலாம். 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பதிவுசெய்தது.

இங்கும் கதை இன்பமாக முடிந்துவிடவில்லை. 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை நிறுத்தி, பழைய எசமானர்களுக்கு நட்டஈடாகப் பதினைந்து கோடி பிராங்கு கேட்டது. பின்னர் அத்தொகை ஒன்பது கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் அதனைச் செலுத்தப் பட்ட கடன் 1947வரை அம்மக்களின் கழுத்தை நெரித்தது. கலயத்தை வென்றவர்கள் அதனை நிரப்பவேண்டிய செல்வத்தை இழந்தனர்.

எனவே, பிறநாட்டுச் சூப்பொன்றை நமது வீட்டில் காய்ச்சும்போது அதன் சுவையை மட்டும் நாம் இரவல் வாங்குவதில்லை. அதை ஆக்கிய மக்களின் துயரையும் போரையும் அறிந்துகொள்ளும் கடமையும் நமக்கு உண்டு. டப்ளினில் அகப்பை அரசின் கையில் இருந்தது. அரசு நினைத்த நாளில் கஞ்சி நின்றது. ஹெயிற்றியில் சமைத்தவர்களே அகப்பையைத் தம் கையில் எடுத்தனர். இரண்டு நூற்றாண்டு கடந்தும், வறுமையிலும், அவர்களது அடுப்பு அந்நாளில் எரிகின்றது. பசித்தவனுக்குக் கஞ்சி வார்ப்பது நன்றே. அவன் கஞ்சிக்குக் கையேந்தாத நிலையை உண்டாக்குவது அதனினும் நன்று.