ஓல்டு பேர்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில் லாங்காட்டுன் வடிசாலை தயாரிக்கும் சிங்கிள் மால்ட் விஸ்கி. புகையூட்டி உலர்த்திய பார்லி முளையிலிருந்து வடித்து, பிரான்சின் ஷாத்தோநெஃப்-து-பாப் சிவப்பு ஒயின் இருந்த ஓக் பீப்பாய்களில் முதிர வைக்கப்படுகிறது.

புகையிலுள்ள ஃபீனால் சேர்மங்கள், குறிப்பாகக் குவாயக்கால், முளையில் படிந்து வடித்த பின்னும் நிலைக்கின்றன. ஒயின் ஊறிய மரம் செந்நிறச் சாயலையும் துவர்ப்பையும் உலர்பழ மணத்தையும் தருகிறது. சுவைப்போர் வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் ஊற்றி முதலில் முகர்வர். பின் சில துளி நீர் சேர்ப்பர். நீர் சேரும்போது குவாயக்கால் திரவத்தின் மேற்பரப்பை நாடுகிறது என 2017இல் சுவீடன் ஆய்வொன்று கணினிப் பாவனை மூலம் காட்டியது. புகை ஒயினின் பழச்சுவையை மூடிவிடாமல் நிற்பதே ஓல்டு பேரின் சிறப்பு.

உணவுத் தானியத்திலிருந்து மது வடிக்க முதல் உலகப்போர்க் காலம் தொட்டு சுவிட்சர்லாந்தில் இருந்த தடை 1999 ஜூலை 1 அன்று நீங்கியது. சுவிஸ் விஸ்கித் தொழில் அதன் பின்னரே வளர்ந்தது.