களக்கல்வி, திண்டுக்கல் வட்டாரக் கல்லூரிகளில்

திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் பயிலும் இளநிலைப் பட்ட மாணவர்கள், பாடநூலுக்கும் தேர்வுக்கும் அப்பால் பெறும் பயிற்சிகளும் பணிகளும் ஆய்வு வாய்ப்புகளும் இங்குக் களக்கல்வி எனப்படுகின்றன. கிராமத் தங்கல், சாந்தி சேனை, நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, கோடைக்கால ஆய்வுப் பயிற்சி, திறன் வகுப்பு ஆகியன இதில் அடங்கும். இவற்றுள் இவ்வட்டாரத்தின் முத்திரையாக நிற்பது காந்திகிராமத்தில் வேரூன்றிய கிராமப்பணிக் கல்வி. ஏனையவற்றில் பெரும்பாலானவை தில்லியிலோ சென்னையிலோ வகுக்கப்பட்டு இங்கு வந்து சேர்ந்தவை. ஆகவே முதலாவதற்கே இக்கட்டுரையில் கூடுதல் இடம்.

தோற்றம்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சிறுமலையின் அடிவாரத்தில், நெசவுக்குப் பேர்போன சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரை ரயில் நிலையத்துக்கும் அருகில் 1947 அக்டோபரில் காந்திகிராமம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் டாக்டர் தி. சே. செளந்தரமும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும். செளந்தரம், டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள்; இளமையிலேயே கணவரை இழந்து, பின்னர் தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானவர். இராமச்சந்திரன் நெய்யாற்றின்கரையில் பிறந்து, சாந்திநிகேதனில் தாகூரிடம் பயின்று, காந்தியின் அணுக்கத் தொண்டர் ஆனவர். இருவரும் 1940இல் மணந்துகொண்டனர். இவர்கள் முதலில் கவனித்தது மருத்துவமும் தாய்சேய் நலமும் ஆதாரக் கல்வியுமே; கல்லூரி பின்னால் வந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான் என்பதால், பழைய ஏடுகளில் காந்திகிராமம் மதுரை மாவட்டத்தின் கீழேயே வரும். தேடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இங்குக் கல்லூரி எழுந்ததன் பின்னணியில் இரண்டு சிந்தனைகள் கலந்துள்ளன. ஒன்று, 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி தலைமையில் கூடிய கல்வி மாநாட்டில் பிறந்த ஆதாரக் கல்வி. கைத்தொழிலை ஒட்டியே பாடம் அமைய வேண்டும் என்ற அந்தக் கொள்கைக்குப் பாடத்திட்ட வடிவம் தந்தவர் ஜாகிர் உசேன். மற்றொன்று, 1948இல் அமைந்த இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும் ஜாகிர் உசேனும் அதன் உறுப்பினர்கள். 1949இல் வந்த அறிக்கையில் கிராமப் பல்கலைக்கழகங்களுக்கென ஓர் இயல் ஒதுக்கப்பட்டது. அதற்குப் பெரிதும் காரணமானவர் ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்க உறுப்பினர். அணை கட்டும் பொறியாளர். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவர். அதற்கு முன் ஒஹாயோ மாநிலத்து அந்தியோக் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, ஒரு பருவம் படிப்பு, அடுத்த பருவம் வெளியே வேலை என்ற முறையை அங்கு நிலைநிறுத்தியவர்.

கிராமியக் கல்விக் கழகங்கள்

அறிக்கை ஐந்தாண்டுகள் அசையவில்லை. 1954இல் கே. எல். ஸ்ரீமாலி தலைமையில் ஒரு குழு அமைந்து நாடெங்கும் சுற்றிவந்தது. அதன் பரிந்துரைப்படி 1956இல் கிராம உயர்கல்விக்கான தேசியக் குழு நிறுவப்பட்டு, ஏற்கெனவே பணி செய்துவந்த அமைப்புகளிடமே கிராமியக் கல்விக் கழகங்கள் ஒப்படைக்கப்பட்டன. வங்கத்தில் ஸ்ரீநிகேதன், தில்லியில் ஜாமியா மில்லியா, குஜராத்தில் சனோசரா, மராட்டியத்தில் கார்கோட்டியும் அமராவதியும், இராஜஸ்தானில் உதய்ப்பூர் ஆகியவை முதல் வரிசையில் இருந்தன. தமிழ்நாட்டுக்கு இரண்டு கிடைத்தன. ஒன்று கோவை பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயம், மற்றொன்று காந்திகிராமம்.

இக்கழகங்களின் தலைமைப் படிப்பு மூன்றாண்டு கிராமப்பணிப் பட்டயம். உயர்நிலைப் பள்ளி முடித்தவர்கள் ஓராண்டு ஆயத்தப் படிப்புக்குப்பின் இதில் சேர்ந்தார்கள். வேளாண் அறிவியலில் ஈராண்டுச் சான்றிதழ்ப் படிப்பும் இருந்தது. காந்திகிராமத்தில் சுகாதார ஆய்வாளர் பயிற்சியும் நடந்தது. பட்டயப் படிப்பில் களப்பணி என்பது பாடத்துடன் ஒட்டவைத்த இணைப்பு அன்று, பாடமே அதுதான். கூட்டுறவைப் படிக்கிறவர் பால் சங்கத்தின் கணக்கைப் பார்த்தார். சுகாதாரம் படிக்கிறவர் கிணற்று நீரைச் சோதித்தார். பிற்காலத்தில் 'கூடுதல் வாய்ப்பு' என்று பெயர் சூட்டப்பட்டவை யாவும் இப்பட்டயத்தில் அடிப்படைத் தேவைகளாக இருந்தன. இவ்வட்டாரத்தின் இளநிலைக் கல்வி வரலாற்றில் அந்த நிலைக்குப்பின் வந்ததெல்லாம் ஒருவகைப் பின்வாங்கலே.

பட்டயத்தை வீழ்த்தியது அதன் பாடத்திட்டம் அன்று, அங்கீகாரச் சிக்கல். சமூக வளர்ச்சித் திட்டமும் ஊராட்சி ஒன்றியங்களும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. ஒன்றிய விரிவாக்க அலுவலர் வேலைகளுக்கு இப்பட்டயதாரர்களே பொருத்தமானவர்கள் எனக் கருதித்தான் திட்டம் வகுக்கப்பட்டது. ஆனால் நடுவணரசு பட்டயத்தைப் பட்டத்துக்கு இணையாக அறிவித்தும், பல பல்கலைக்கழகங்கள் முதுநிலைச் சேர்க்கையில் தயங்கின. மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல்தான் பிறந்தது. அதுவரை தெற்கே எல்லாவற்றுக்கும் சென்னையே தீர்ப்புச் சொல்லும் இடம். பி.ஏ. என்ற இரண்டெழுத்து இல்லாத படிப்புக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் துணியவில்லை. மற்ற ஊர்களின் கழகங்களில் பல வழக்கமான இணைப்புக் கல்லூரிகளாக மாறின. காந்திகிராமமோ 1976 ஆகஸ்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றுத் தானே பட்டம் வழங்கத் தொடங்கியது. முதல் துணைவேந்தர் இராமச்சந்திரன். பட்டச் சிக்கல் தீர்ந்தது. பட்டத்துக்குரிய தாள்களும் பருவத் தேர்வுகளும் உடன் வந்தன. களப்பணி ஓரத்துக்கு நகர்ந்தது.

வகைப்பாடு

நடைமுறையில் இவ்வாய்ப்புகளை நான்காகப் பிரிக்கலாம்: ஊரில் தங்கிச் செய்பவை, அணி சேர்ந்து செய்பவை, ஆய்வகத்திலோ நூலகத்திலோ செய்பவை, வேலைக்காகச் செய்பவை. பாடத்திட்டக் கையேடுகளின் பிரிவினை வேறு. அவை மதிப்புப் புள்ளி உள்ளவை, இல்லாதவை என்றே பிரிக்கும். மாணவர்களும் அப்படித்தான் பிரிக்கிறார்கள்.

கிராமத் தங்கல். காந்திகிராமத்தின் தனி முத்திரை இது. ஒரு துறையின் மாணவர்கள் ஆசிரியருடன் சில நாள்கள் ஓர் ஊரில் தங்குவார்கள். ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே பேசி, பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ தங்குமிடமாகும். வீடுவீடாகச் சென்று விவரம் திரட்டுவது ஒரு பணி. ஊர்க்காரர்களையே உட்காரவைத்துக் கோலப்பொடியால் தரையில் ஊர் வரைபடம் போடச் சொல்வது மற்றொன்று: எது கண்மாய், எந்தக் கிணறு வற்றியது, எந்தத் தெருவுக்குச் சாலை வரவில்லை என்பதெல்லாம் அதில் தானாக வந்துவிடும். தெருக்களின் சாதி அமைப்பும் வந்துவிடும்; அறிக்கைகளில் இது மென்மையாக 'சமூக வரைபடம்' எனப்படும். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம், இரவில் வீதி நாடகமோ கும்மியோ, கடைசி நாளில் கண்டதை ஊரார் முன் சொல்லும் கூட்டம். நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயம், ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தை, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளும் புகையிலையும், சின்னாளபட்டித் தறி, திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலும் அது கெடுத்த நிலத்தடி நீரும் என இவ்வட்டாரம் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பொருளை வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் புதிய குழு வந்து அதே ரேஷன் அட்டையையும் கழிப்பறையையும் விசாரித்துப் போவது ஊராருக்குச் சலிப்பூட்டும் என்பது மறுக்க முடியாத குறை. எனினும் இளநிலை மாணவருக்கு இதற்கு ஈடான பயிற்சி வேறில்லை.

சாந்தி சேனை. வினோபா பாவே 1957இல் கேரளத்தில் தொடங்கிய அமைதிப்படையின் கருத்தைக் காந்திகிராமம் மாணவர் அமைப்பாக மாற்றிக்கொண்டது. முதலுதவி, பேரிடர் உதவி, கூட்டத்தை அமைதியாக நெறிப்படுத்துதல், பூசலை வன்முறையின்றித் தீர்த்தல் ஆகியன இதன் பயிற்சிகள். தேசிய மாணவர் படையின் துப்பாக்கிக்கு மாற்றாக ஓர் ஒழுங்குப் பயிற்சி வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. காந்தியச் சிந்தனைத் தாளும் சர்வ சமயப் பிரார்த்தனையும் இதே மரபின் பகுதிகள்.

நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கிய இத்திட்டத்தின் வரலாற்றை அரசு ஆவணங்கள் தேஷ்முக் குழு, சையிதைன் அறிக்கை, கோத்தாரி ஆணையம் என்ற வரிசையில் சொல்லும். ஆனால் கிராமத்தில் முகாமிட்டுப் பணி செய்யும் கல்லூரி மாணவர் என்ற உருவம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே காந்திகிராமத்தில் நடமாடியது. 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குச் சென்ற செளந்தரம், நடுவணரசின் கல்வித் துணையமைச்சராகவும் பணியாற்றினார். இத்திட்டத்தின் ஒரு முன்னோடியை இங்கும் காணலாம். ஈராண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் இன்றும் இதன் விதி.

ஆய்வு. இளநிலை மாணவர் ஆய்வில் இறங்குவது இவ்வட்டாரத்தில் அண்மைக்கால வழக்கம். பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய மூன்று நகர்களிலுள்ள அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்திட்டம், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட நிதி ஆகியவை முக்கிய வழிகள். இயற்பியல் மாணவர்களுக்கு மலைமேல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் எட்டும் தொலைவில் உள்ளது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் பரவும் ஈவர்ஷெட் விளைவு 1909இல் அங்குதான் கண்டறியப்பட்டது. வேளாண் மாணவர்களுக்குக் காந்திகிராம வளாகத்தைச் சேர்ந்த வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. பொதுச் சுகாதாரத்தில் ஆர்வமுள்ளவர்க்கு ஆத்தூர் ஒன்றியமே ஒரு பாடநூல். 1959இல் போர்டு அறக்கட்டளை உதவியுடன் அங்குத் தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் திட்டத்திலிருந்துதான் காந்திகிராமத்தின் கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனம் 1964இல் வளர்ந்தது.

பிற கல்லூரிகள்

நகரின் ஜி.டி.என். கலைக் கல்லூரியும் எம்.வி. முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரியும் 1960களில் தோன்றியவை. பழநி அருள்மிகு பழனியாண்டவர் கலை பண்பாட்டுக் கல்லூரி 1960இல் தேவஸ்தானத்தால் நிறுவப்பட்டது. 1984இல் தொடங்கிய பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரி முதல், தனியார் தொழிற்கல்வி நிறுவனங்கள் பெருகின. இவற்றில் நாட்டு நலப்பணித் திட்டமும் தேசிய மாணவர் படையும் உள்ளன. எண்ணிக்கையில் இவ்வட்டாரத்து இளநிலை மாணவர்களில் மிகப் பெரும்பான்மையோர் இக்கல்லூரிகளில்தான் படிக்கின்றனர்.

இன்றைய நிலை

2017ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப்பின் நிகர்நிலை நிறுவனங்கள் பெயரில் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லைச் சேர்க்கக்கூடாது என்றானது. ஊரார் பேச்சில் காந்திகிராமம் இன்றும் பல்கலைக்கழகமே. அதன் 36ஆவது பட்டமளிப்பு விழாவில் 2022 நவம்பர் 11 அன்று பிரதமர் கலந்துகொண்டார். இளையராஜாவுக்கும் மிருதங்க மேதை உமையாள்புரம் சிவராமனுக்கும் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கப்பட்டது. வேலைக்காகச் செய்யும் வகையில், மாநில அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சி 2022 முதல் கலைக் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் பாடத்துடன் சேர்ந்துள்ளது. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டமும் (2022), மாணவர்க்குத் தமிழ்ப்புதல்வன் திட்டமும் (2024) மாதம் ரூ. 1,000 தருகின்றன. நடுவணரசின் ஸ்வயம் இணையவழிப் படிப்புகளும் உண்டு.