சித்தாளின் தொண்ணூறு நாட்கள்

கட்டடத் தொழிலில் புழங்கும் பெயர்களை வரிசையாக எழுதினால் கூலிப் பட்டியலே கிடைத்துவிடும்: மேஸ்திரி, கொத்தனார், பெரியாள், சித்தாள். கொத்தனுக்கு 'ஆர்' விகுதி சேர்த்து மரியாதை கொடுத்திருக்கிறோம். அவருக்குக் கலவையும் செங்கல்லும் எடுத்துக் கொடுக்கும் ஆண், பெரியாள். அதே கலவையைச் சும்மாடு வைத்துத் தலையில் சுமக்கும் பெண், சித்தாள். சிற்றாள் என்பதன் பேச்சு வடிவம் அது. சிற்றப்பன் சித்தப்பன் ஆவதைப் போல என்று வகுப்பில் விளக்கியபோது, "சித்தப்பா வயசுல சின்னவர். சித்தாள் எதுல சின்னவ?" என்று ஒரு மாணவி கேட்டாள். இலக்கணத்தில் இதற்கு விடை இல்லை. வரலாற்றில்தான் தேட வேண்டும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், வேலையும் விளைச்சலும் அற்றுப்போன மக்களைப் பிரிட்டிஷ் அரசு நிவாரண வேலைகளில் இறக்கியது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாயின் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் கிடைத்தது. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார்: ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். பெண்ணுக்கும் வேலை செய்யும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. சித்தாள் என்ற சொல் இந்தப் பஞ்சத்தில் பிறந்ததல்ல. ஆனால் நெருக்கடிக் காலத்தில் பெண்ணின் உழைப்பைச் சிறுவர் உழைப்போடு சேர்த்து விலைபேசலாம் என்று அரசே விதியாக எழுதிவைத்தது இங்கேதான்.

சுதந்திர இந்தியாவில் 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கு, ஒத்த தன்மையுள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. கட்டடங்களில் அது நுழையவில்லை. அவன் பெரியாள், அவள் சித்தாள். வேலையே வேறு என்று பெயர்களே வாதாடின. இன்னொரு வேறுபாடும் உண்டு. பெரியாள் கொத்தனாரின் பக்கத்தில் நின்று கரணை பிடிக்கவும் தூக்குக்குண்டு பார்க்கவும் பழகி, சில வருடங்களில் தானும் கொத்தனாராகிவிடுவான். முப்பது வருடம் சுமந்தாலும் சித்தாள் சித்தாளாகவே ஓய்வாள். அவள் கையில் யாரும் கரணையைக் கொடுப்பதில்லை.

உரிமைகள் தானாக வரவில்லை. தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு போராடியதன் விளைவு 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும். தேசிய அளவில் 1985இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் தலைமையில் பிரச்சாரக் குழு உருவானது. சென்னையிலிருந்து கீதா ராமகிருஷ்ணன் போன்ற பெண்கள் அதில் முன்னின்றார்கள். 1996இல் மத்தியச் சட்டமும், கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நலவரி வசூலிக்கும் சட்டமும் வந்தன.

இது பெரிய வெற்றி. ஆனால் அந்தச் சட்டத்தின் இரண்டு எண்களைப் பார்ப்போம். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. நம் தெருக்களில் எழும் வீடுகளில் நான்கு சித்தாள் நின்றாலே அதிகம். குழந்தை மணல் மேட்டில்தான் தூங்கும். பயனாளியாகப் பதிய, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றது. வேலை இருக்கும் வருடத்தில் 90 நாள் பெரிய கணக்கில்லை. வேலையே இல்லாத வருடத்தில்?

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போயின. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அவை. கட்டடக் கூலி சனிக்கிழமை மாலை ரொக்கமாகக் கைமாறும் தொழிலில் வீட்டுக்காரர் கையிலும் காசில்லை, மேஸ்திரி கையிலும் காசில்லை. 2020இல் ஊரடங்கு வந்தபோது அரசின் முதல் மதிப்பீட்டின்படி ஏப்ரல் முதல் ஜூன் வரை கட்டுமானத் துறை ஐம்பது சதவீதம் சுருங்கியது. வாரியத்தில் பதிந்தவர்களுக்கு 1000 ரூபாய் கிடைத்தது. பதிவைப் புதுப்பிக்காதவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள்.

தளர்வுக்குப் பிறகு வேலை தொடங்கியபோது என் மாணவி ஒருத்தியின் அம்மாவிடம் பேசினேன். கணவர் இல்லாதவர், இருபது வருடச் சித்தாள். "கொத்தனாரைக் கூப்பிட்டுட்டாங்க டீச்சர். சித்தாளுக்கு அவரு தன் சம்சாரத்தையே கூட்டிக்கிட்டாரு. கூலி வீட்டோட போகும்ல" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. மந்தநிலையின் கணக்கை அவர் சரியாகப் படித்திருந்தார். வேலை குறையும்போது பெண்கள் எல்லோரும் ஒன்றுபோல் வெளியேறுவதில்லை. தொழில் தெரிந்த ஆணோடு வருகிறவளுக்கு இடம் இருக்கிறது, அவள் கூலி கணவன் கைக்குப் போனாலும். விதவையும் கைவிடப்பட்டவளும் தனித்து வாழ்கிறவளும்தான் முதலில் உதிர்கிறார்கள். கூலி மிக அவசியமானவளே முதலில் வெளியே நிற்கிறாள்.

மந்தம் விலகினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் ஆண்களின் அனுபவத்திலிருந்து சொல்லப்படுவது. பெரிய கட்டடங்களில் கலவை லாரியில் வருகிறது; குழாய் வழியே மாடிக்கு ஏறுகிறது. எந்திரம் முதலில் பறித்தது தலைச்சுமையை, அதாவது பெண்ணின் வேலையை. தலைச்சுமை ஒழிவது நல்லதுதான். கழுத்தெலும்பு தேய்ந்த பெண்களைப் பார்த்தவர்கள் அதற்காக அழமாட்டார்கள். ஆனால் எந்திரத்தை இயக்கும் வேலை அவளுக்கு வரவில்லை. கரணையும் வரவில்லை. கிராமத்தில் நூறு நாள் வேலை அவளை ஓரளவு தாங்கிவந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதால் தமிழ்நாட்டில் அங்கே பெண்களே மிகப் பெரும்பான்மையாக இருந்தார்கள். நகரத்துச் சித்தாளுக்கு அதுவும் இல்லை.

ஆகவே நெருக்கடி வருடங்களில் 90 நாள் நிபந்தனையைத் தளர்த்த வேண்டும். நலவரிப் பணத்திலிருந்து, கூலியோடு கூடிய பயிற்சியைப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டும்: கொத்து வேலை, பூச்சு வேலை, டைல்ஸ், எந்திரம் எதுவானாலும். வாரிய அட்டையில் அவள் தொழில் என்ன என்று எழுத வேண்டும். இருபது வருடம் வேலை செய்தவளைச் சிறிய ஆள் என்று எழுதிவைத்திருக்கும்வரை, அடுத்த மந்தத்தில் யாரை முதலில் அனுப்புவது என்று எந்த மேஸ்திரியும் யோசிக்கவேண்டி இருக்காது.